அரக்குத் தட்டும் காகித உறையும்

ஒரு நாட்டின் பழமையை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச் சுவடியையும் நாடிச் செல்வர். மன்னர் செய்த போரையும், கோயிலுக்கு விட்ட நிலத்தையும் அவை கூறும். உழைத்து உண்ட மக்கள் மாலைப் பொழுதில் எதைக் கேட்டு மகிழ்ந்தனர், எதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தனர் என்பதை அவை கூறா. மலாயாத் தமிழரைப் பொறுத்தமட்டில் இக்குறை மிகப் பெரிது. தோட்டத்துக் கணக்கேடுகளில் ஆள் தொகை உண்டு. பால் மரத்தின் தொகை உண்டு. அம்மக்களின் உள்ளம் மட்டும் இல்லை. அவ்வுள்ளத்திற்குரிய சான்றுகளுள் ஒன்று இன்று பழம்பொருட் கடைகளிலும் வீட்டு மூலைகளிலும் தூசி படிந்து கிடக்கின்றது. அதுவே கிராமபோன் இசைத்தட்டு.

மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், பழைய லயமொன்றைக் காலி செய்தபொழுது ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டுக்கள் கிடைத்தன. பெட்டிக்கு விலை கிடைத்தது. தட்டுக்கள் குப்பைக் குழிக்குச் சென்றன. தப்பிய மூன்றை நாம் கண்டோம். ஒன்றில் நாடகப் பாட்டு. மற்றொன்றில் நகைச்சுவை உரையாடல். மூன்றாவது தட்டின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு அழிந்துவிட்டது. ஆயினும் அதன் காகித உறையின் மூலையில் மலாக்கா நகரத்துக் கடை ஒன்றின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. தோட்டத்திலிருந்து ஒருவர் நகரத்திற்குச் சென்று, கூலிப் பணத்தில் ஒரு பாட்டை வாங்கி வந்தார் என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருந்த சான்று அம்முத்திரை ஒன்றே.

அச்செயல் எளியதன்று. 1930-ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. ஆதலின் பாட்டுப் பெட்டி வீட்டுக்கு வீடு இருக்கவில்லை. கிராணி வீட்டிலோ கங்காணி வீட்டிலோ ஒன்று இருப்பின், அவ்வீட்டு வாசலே அனைவருக்கும் கொட்டகை. சாவி கொடுத்து, ஊசி மாற்றி, ஏறத்தாழ மூன்று நிமிடம் கேட்டபின் தட்டைத் திருப்பி வைத்தல் வேண்டும். அம்மூன்று நிமிடத்திற்காக மக்கள் கூடினர்.

இத்தட்டிற்கும் நம்மவர் உழைப்பிற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1887-ஆம் ஆண்டில் எமில் பெர்லினர் என்பார் கிராமபோனுக்கு உரிமை பெற்றார். அவர் விற்ற தொடக்ககாலத் தட்டுக்களுட் பல கடினமாக்கப்பட்ட ரப்பரால் ஆனவை. 1897-ஆம் ஆண்டை ஒட்டி ரப்பருக்கு மாற்றாக அவலரக்கு வந்தது. 1896-இல் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் டான் சாய் யான் என்ற சீனர் வாணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். ரப்பர் நம் மண்ணில் ஊன்றிய காலத்தில் அது தட்டை விட்டு நீங்கியது. எனினும் தட்டு உழைப்பாளியின் கையை விட்டு நீங்கவில்லை. வட இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி வைக்கும் கொம்பரக்கை ஏழைகள் சுரண்டி எடுத்தனர். அதை உருக்கி, கற்பொடியும் கரியும் கலந்து தட்டு வார்த்தனர். ஒருவர் மரத்தில் பால் வெட்டினார். மற்றொருவர் மரத்தில் அரக்குச் சுரண்டினார். அவர் சுரண்டியதில் பதிந்த பாட்டை இவர் கேட்டார்.

இந்தியாவில் இசைப்பதிவு தொடங்கிய வரலாறும் அறியத்தக்கது. 1902-ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பர்க் என்னும் பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிந்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலும் அவரது பதிவு நடைபெற்றது. அக்காலத்தில் பதிந்தவற்றை ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்திற்கு அனுப்பியே தட்டாக அச்சிட்டனர். 1908-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரே இங்கேயே அச்சிடல் இயன்றது. தொலைவிலுள்ள தொழிலாளர் பாடியவர் இன்னார் என அறியும் பொருட்டு, அந்நாளைய பாடகியர் பலர் பாட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினர்.

ஈண்டு நாம் சற்று நின்று எண்ணல் வேண்டும். அவ்வாறு பெயர் கூறிய பெண்கள் யாவர்? தென்னாட்டில் தொடக்ககாலத் தட்டுக்களுக்குப் பாடியவருட் பலர் தேவதாசிக் குலத்திற் பிறந்தோர். 1917-இல் மறைந்த கோயம்புத்தூர் தாயி அவர்களுள் ஒருவர். திருவையாற்றில் பெண்கள் பாடும் உரிமைக்காகப் போராடிய பெங்களூர் நாகரத்தினம்மாள் மற்றொருவர். சமுதாயம் இப்பெண்களின் பாட்டை விரும்பியது. அவர்களை மதிக்க மறுத்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தால் ஒழித்தது. அக்கொடுமை ஒழிந்தது நன்றே. ஆனால் கொடுமையோடு சேர்த்து, அதற்கு ஆளான பெண்களின் கலையையும் பெயரையும் மறந்துவிடுதல் சீர்திருத்தம் ஆகாது. தட்டை உடைப்பவன் ஒரு பெண் தன் வாயால் கூறிய பெயரை உடைக்கின்றான்.

பின்னர் நாடகக் காலம் வந்தது. செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் பாடிய தட்டுக்கள் தமிழர் குடியேறிய ஊர்களிலெல்லாம் ஒலித்தன. கிட்டப்பா 1933-இல் தமது 27-ஆம் அகவையில் மறைந்தார். அவர் எந்தப் பேசும் படத்திலும் நடித்திலர். இசைத்தட்டு இல்லையேல் அக்குரல் நமக்கு இல்லை. சுந்தராம்பாள் காந்தியடிகளையும் விடுதலைப் போரையும் பற்றிப் பாடிய தட்டுக்கள், எழுத்தறியாதவரும் அரசியல் அறியத் துணைசெய்தன.

தட்டு வாணிகத்தில் பொருளாசையும் கலந்திருந்தது. 1921-இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனி ஒருவரின் சொத்தாகி, அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாருக்கு வந்தது. மக்கள் கவியின் பாட்டைப் பாட ஒரு வணிகரின் இசைவு வேண்டுமோ என்ற கேள்வி எழுந்தது. 1949-இல் அவர் அவ்வுரிமையைச் சென்னை அரசாங்கத்திற்கு விலை பெறாமலே அளித்தார். அதன் பின்னரே பாரதி பாட்டு மக்கள் உடைமையாயிற்று.

நிற்க. மலாயாவில் இத்தட்டுக்கள் தமிழருக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. எழுத்தறியாதாரும் எளிதில் அடையாளம் காணும் வண்ணம் தட்டுக்களில் சின்னங்கள் பொறிக்கப்பட்டன. குழலின் முன் நாய் அமர்ந்திருக்கும் சின்னத்தை மலாய்க்காரர் ‘சாப் அஞ்சிங்’ என்றனர். 1930-களில் ‘சாப் குச்சிங்’ என்னும் பூனைச் சின்னமும் வந்தது. மலாக்காவிற்கே உரிய டொண்டாங் சாயாங் பாட்டும் தட்டில் ஏறியது. மலாய்க்காரர், பாபாக்கள், போர்த்துகீசிய வழியினர், நம் மலாக்காச் செட்டிமார் ஆகிய நால்வரும் பாடும் பாட்டு அது. 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்த் தட்டுக்களோடு ஒரு டொண்டாங் சாயாங் தட்டும் ஒரே பெட்டியில் கிடைக்குமாயின், ‘இதற்கும் நமக்கும் என்ன?’ என்று எறிந்துவிடலாகாது. அண்டை வீட்டாரின் பாட்டை நம்மவர் கேட்ட வரலாறு அது.

உறைகளின் செய்தி வேறு. அரக்குத் தட்டின் உறை பெரும்பாலும் நடுவில் துளையுள்ள பழுப்புக் காகிதமே. நிறுவனத்தின் சின்னமும் விளம்பரமும் விற்ற கடையின் முகவரியும் அதில் இருக்கும். 1940-ஆம் ஆண்டை ஒட்டி அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் ஓவியர் அமெரிக்காவில் தட்டுத் தொகுதிகளுக்கு வண்ண அட்டை வரையத் தொடங்கினார். 1948-இல் வினைல் என்னும் பொருளாலான நெடுந்தட்டு அங்கே விற்பனைக்கு வந்தது. பின்னர்த் தமிழிலும் அட்டை உறைகள் பெருகின. திரைப்படக் காட்சி அச்சிட்ட சிறு தட்டுக்களும், நாகூர் ஹனிபாவின் இசுலாமியப் பாடல்களும், அவரே பாடிய திராவிட இயக்கப் பாடல்களும் அவ்வாறு வந்தவை. 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் வசனத் தட்டைக் கேட்டே தமிழ் பேசப் பழகிய இளைஞர் பலர். அவ்வுறைகளின் வண்ணமும் எழுத்தும் நம் அச்சுக்கலையின் வரலாறு. தட்டை மட்டும் காத்து உறையை எறிவோர் பாதி வரலாற்றை எறிவோராவர்.

இவை அழிந்ததற்குக் காரணங்கள் பல. போரும் ஜப்பானியர் ஆட்சியும் வந்தன. 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. மக்கள் லயத்தை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஒலிநாடா வந்ததும் தட்டுக்கள் சுமையாகத் தோன்றின. எஞ்சியவற்றைக் கரையானும் பூஞ்சையும் தின்கின்றன.

காத்தல் அரிதன்று. தட்டுக்களை அடுக்கிக் கிடத்தாது, நூல்போல் நிமிர்த்தி நிறுத்துக. வெயிலும் ஈரமும் அணுகாவண்ணம் வைத்திடுக. அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள நீர்மத்தால் துடைக்கலாகாது. அரக்கு அதிற் கரைந்துவிடும். பெயர்ச்சீட்டை ஒட்டிப் பொறித்துள்ள எண்ணையும், உறையிலுள்ள முத்திரையையும், அத்தட்டு எவ்வூரில் எத்தோட்டத்தில் கிடைத்தது என்பதையும் ஓர் ஏட்டில் எழுதுக. அந்த எண்ணைக் கொண்டே பதிந்த காலத்தையும் இடத்தையும் ஆய்வாளர் கண்டறிவர். இத்தகைய சேகரிப்பாளரின் உழைப்பினால் 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் நூல்களோடு இசைத்தட்டுக்களையும் காத்து வருகின்றது. புகழ்பெற்ற தட்டுக்கள் அங்கெல்லாம் உள. மலாக்காக் கடையின் முத்திரை பதிந்த உறையை நாம் காவாவிடின் வேறு எவர் காப்பர்?

அன்பர்களே! அரிய தட்டை வாங்கி அதிக விலைக்கு விற்பதன்று நாம் வேண்டுவது. உங்கள் இல்லத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தட்டு ஒன்று இருப்பின், வீட்டிலுள்ள மூத்தோரை அழைத்து, ‘இதை யார் வாங்கினார்? யார் வீட்டு வாசலில் கேட்டீர்கள்?’ என்று வினவி, அவர்கள் கூறும் விடையை எழுதி உறையினுள் வையுங்கள். தட்டு இன்னும் நூறாண்டு இருக்கும்; விடை கூறுவோர் இரார்.