புவிகாந்தப் புயலும் சிற்றலை வானொலியும் (மும்பை)

சூரியனிலிருந்து கிளம்பும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது புவிகாந்தப் புயல். சூரிய வெடிப்புக்கு ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வந்து சேரும். கடுமையை 0 முதல் 9 வரையுள்ள கேபி குறியீடு சொல்லும்.

மும்பையின் சயான், மாட்டுங்கா, தாராவிக்கு இலங்கை வானொலியின் சிற்றலை சுமார் 1500 கி.மீ. கடந்து, அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்தது. புயலில் அந்த மண்டலத்தின் எலக்ட்ரான் அடர்த்தி குறைந்தால் முதலில் அடங்குவது 19, 25 மீட்டர் அலைவரிசைகள். வானொலி முள்ளை 41, 49 மீட்டருக்குத் திருப்பினால் நிலையம் கிடைக்கலாம். மும்பை போன்ற தாழ்ந்த அகலாங்குகளில் அடர்த்தி சில சமயம் கூடவும் செய்யும். அடி வாங்குவது பெரும்பாலும் துருவத்தை ஒட்டி வரும் வட அமெரிக்க நிலையங்கள்தான்.

இந்தப் புயல்களின் வரலாற்றில் மும்பைக்குத் தனி இடமுண்டு. 1859 செப்டம்பர் 2 அன்று கொலாபா ஆய்வகக் கருவி காந்தப்புலத்தில் சுமார் 1600 நானோடெஸ்லா வீழ்ச்சியைக் காட்டியது. வரப்போகும் மின்சார டிராம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் காந்த அளவீடு 1904இல் அலிபாக்குக்கு மாறியது. இன்று அலிபாக் ஆய்வகத்தை நடத்துவது நவி மும்பையின் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம்.

வானொலி சரியாகக் கேட்காவிட்டால் எல்லாப் பழியையும் சூரியன்மேல் போடக்கூடாது. புயலில் குரல் மங்கும், நடுங்கும். விடாமல் கரகரத்தால் பக்கத்து வீட்டு டியூப்லைட்டையோ மின்சார ரயில் பாதையையோ சந்தேகிக்கலாம். பட்டப்பகலில் திடீரென எல்லா நிலையங்களும் அடங்கி, சிறிது நேரத்தில் மீண்டால் அது சூரியச் சுடர்வெடிப்பின் எக்ஸ் கதிர் வேலை. அக்கதிர் எட்டே நிமிடத்தில் வந்துவிடும்.