ஊசிக்குப் பின் உடல்: புராஸ்டேட் புற்றுநோயில் உணவின் இடம்

புராஸ்டேட் புற்றுநோயையும் உணவையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: எதைத் தின்றால் கட்டி சுருங்கும்? தக்காளி, மாதுளை, கிரீன் டீ, மஞ்சள் என்று விடைகளும் வரிசைகட்டி நிற்கின்றன. கேள்வியே தவறான இடத்தைப் பார்க்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். உணவு கட்டியை அடக்கும் என்பதற்கான சான்று மெலிந்தது. ஆனால் கட்டியை அடக்கத் தரும் மருந்து உடலின் வளர்சிதை மாற்றத்தைக் குலைக்கிறது. அந்தக் குலைவைத் தடுப்பதில்தான் உணவுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

கட்டியின் பக்கமிருந்தே தொடங்கலாம். 2020இல் ஜாமா இதழில் வெளியான 'மீல்' ஆய்வு, தொடக்கநிலை நோயோடு கண்காணிப்பில் மட்டும் இருந்த 478 அமெரிக்க ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவினருக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லி, நாளுக்கு ஏழு பங்கு காய்கறியாவது உண்ணத் தூண்டினார்கள். அவர்களது இரத்தத்தில் கரோட்டினாய்டு அளவு ஏறியது. ஆக, காய்கறி வயிற்றுக்குள் போனது உண்மை. ஆயினும் இரண்டாண்டு முடிவில் நோய் முற்றுவதில் இரு குழுவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரைகளின் கதை இதைவிட மோசம்: 35,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 'செலக்ட்' ஆய்வில் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. 'சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும்' என்ற வாதமோ இந்தப் புற்றுநோயின் இயல்பையே அறியாதது. நலமான புராஸ்டேட் செல் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிட்ரேட்டை எரிக்காமல் விந்துநீருக்காக ஒதுக்கும் விசித்திரமான செல். புற்றாக மாறும்போது அது துத்தநாகத்தை இழந்து, சிட்ரேட்டை எரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பையும் தானே தயாரித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் குளுக்கோஸை அது பெரிதாக விழுங்குவதில்லை. குளுக்கோஸைத் தடம்பிடிக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் இந்நோய் பலமுறை தப்பிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி உடலின் பக்கம். ஆண் ஹார்மோனை ஒடுக்கினால் இந்நோய் தணியும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. பரவிய நோய்க்கு இன்றும் அதுவே அடித்தளச் சிகிச்சை. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோன் தசையையும் கொழுப்பையும் இன்சுலினையும் கட்டி ஆள்கிறது. அதை நிறுத்தினால் என்னவாகும் என்பதை அதை ஒடுக்கும் லியூப்ரோலைட் ஊசி பெற்றவர்களை 48 வாரம் தொடர்ந்த ஓர் ஆய்வு 2002இல் அளந்தது: எடை 2.4 விழுக்காடே ஏறியது. ஆனால் கொழுப்பு 9.4 விழுக்காடு ஏற, தசை முதலான கொழுப்பற்ற நிறை 2.7 விழுக்காடு இறங்கியது. எடைக்கருவியின் முள் சொல்வது பாதிக் கதைதான். நீரிழிவு இல்லாதவர்களிடம் 12 வாரத்துக்குள்ளேயே வெறும்வயிற்று இன்சுலின் ஏறத்தாழ 26 விழுக்காடு உயர்ந்ததை 2006இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இது நாம் பழகிய 'தொப்பை நோய்' அல்ல: கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் சேர்கிறது, நல்ல கொலஸ்டிரால் குறையாமல் கூடவே செய்கிறது. அதனால் வழக்கமான இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து 'எல்லாம் சரி' என்று மருத்துவர் மடித்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. 73,196 முதிய அமெரிக்கர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது இவ்வகை ஊசி பெற்றவர்களிடம் புதிதாக நீரிழிவு வருவதும் மாரடைப்பும் கூடுதலாக இருந்தன. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை அச்சிடச் சொன்னதும் இதனால்தான்.

இங்கே உணவு கை கொடுக்கிறதா? ஹார்மோன் ஒடுக்கம் தொடங்கியவர்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து தராத 'கேப்ஸ்-1' ஆய்வில் ஆறு மாதத்தில் சராசரியாக 9 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலாக ஏறியது. இன்சுலின் எதிர்ப்பில் ஆறாம் மாதத்தில் புள்ளியியல் அளவில் உறுதியான வேறுபாடு கிட்டவில்லை என்பதை மறைக்கக்கூடாது, ஆய்வும் சிறியது. மேலும், 20 கிராம் என்பது நம் இலையில் நடவாத கணக்கு. ஒரு கிண்ணச் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாமோ சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்பவர்கள். எனவே அந்த உணவுமுறையை அப்படியே இறக்குமதி செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரசச் சோற்றை நிறுத்தி அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வைப்பது நடக்கக்கூடியது. எடை குறையும்போது தசையும் கரையுமே என்று கேட்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் புரதமும் தசைக்கு வேலை தரும் பளுப் பயிற்சியும் இல்லாத எடைக்குறைப்பை இந்நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கக்கூடாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. அண்மையில் வெளியான 'கேப்ஃபிஷ்-3' ஆய்வில், கண்காணிப்பில் இருந்த 100 ஆண்களில் ஒமேகா-3 கூட்டி ஒமேகா-6 குறைத்து, மீன் எண்ணெயும் எடுத்த குழுவில் செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 ஓராண்டில் 15 விழுக்காடு குறைந்தது. மற்றக் குழுவில் 24 விழுக்காடு ஏறியது. அப்படியானால் உணவு கட்டியையும் தொடுகிறதே? தொடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திசுவின் தரநிலை மாறவில்லை, கேஐ-67 ஓர் அடையாளம் மட்டுமே. பிரிட்டனின் 'ப்ரொடெக்ட்' ஆய்வை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும்: புராஸ்டேட்டுக்குள்ளேயே நின்ற நோயோடிருந்த 1,643 பேரில் 15 ஆண்டில் இந்நோயால் இறந்தோர் 2.7 விழுக்காடு, எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 21.7 விழுக்காடு. தொடக்கநிலை நோயாளிக்குக்கூட, சாப்பாட்டுத் தட்டு காக்கவேண்டிய உறுப்புகளில் இதயம் முன்னால் நிற்கிறது.

இந்த வாதம் எல்லாருக்கும் பொருந்தாது. நோய் எலும்பெங்கும் பரவி, பசியற்று, கன்னம் ஒட்டி, மாதாமாதம் எடை இறங்கிக்கொண்டிருப்பவரிடம் கணக்கு தலைகீழாகிறது. அவருக்கு மோர்ச்சோறு இறங்குமானால் அதில் ஒரு கரண்டியைக்கூடக் குறைக்கச் சொல்லக்கூடாது.