வெட்டி ஒட்டிய பாட்டு பொய்யா?



மீலாத் விழாவுக்காக எங்கள் பிள்ளைகள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவை வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். பலர் பாராட்டினீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது எங்கள் மூத்தவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "மாஸ்டர், அந்தப் பிள்ளை ஒரே தரத்தில பாடினதா, இல்லாட்டி நீங்கள் வெட்டி ஒட்டினதா?" என்றார். வெட்டி ஒட்டியதுதான் என்றேன். "அப்ப அது பொய்தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிவாசல் படியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன். பாடசாலை விட்ட பிறகு ஒரு வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தி, ஒரே மைக்குக்கு முன்னால் ஒரே தூரத்தில் பிள்ளையை நிறுத்தி அந்தப் பாட்டை 5 தரம் பாட வைத்தேன். ஒவ்வொரு தரத்தையும் 'டேக்' என்பார்கள். முதல் டேக்கில் பயம், குரல் நடுங்கியது. இரண்டாவதில் தொடக்கம் அருமை, நடுவில் ஒரு சொல் விழுங்கிவிட்டது. நாலாவதில் நடுப்பகுதி தேன். ஐந்தாவதில் தொண்டை களைத்துவிட்டது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஐந்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நன்றாக வந்த டேக்கைத் தெரிந்தெடுத்துச் சேர்த்தேன். இதற்கு ஆங்கிலத்தில் 'கொம்பிங்' என்று பெயர். பலதைச் சேர்த்து ஒன்றாக்குதல் என்பது பொருள்.

ஒட்டு தெரியாமல் வெட்டவும் ஒரு வழி இருக்கிறது. மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டலாம். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. 'பக்கம்', 'பட்டம்', 'அப்பம்' என்று சொல்லிப் பாருங்கள். க்க, ட்ட, ப்ப வரும் இடத்தில் வாய் ஒரு கணம் அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். அந்தக் கணத்தில் வெட்டினால் காது கண்டுபிடிக்காது. இலக்கண வகுப்பில் வல்லினம் படிப்பிக்கும்போது இது இப்படி உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இந்த வேலை கணினியோடு வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் கதை பழையது.

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877இல். 1902இல் கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அந்தக் காலத்தில் பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் பாட, ஊசி மெழுகுத் தட்டில் கீறும். ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம். இடையில் இருமினாலும் சுருதி விலகினாலும் அந்தத் தட்டு போயிற்று. மெழுகைச் சீவிவிட்டு முதலில் இருந்து பாட வேண்டும். மெழுகை வெட்டி ஒட்ட முடியாது. அதனால் ஒரே மூச்சில் பாடுவது அன்றைய பாடகர்களுக்கு வேறு வழியில்லாத கட்டாயம். நாங்கள் இன்று அதை நேர்மையின் அடையாளம் என்று சொல்கிறோம்.

அந்தக் கட்டாயத்தை நீக்கியது காந்த நாடா. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் 'மக்னெற்றோபோன்' என்ற நாடாக் கருவியைக் காட்டியது. யுத்தம் முடிந்ததும் ஜாக் மலின் என்ற அமெரிக்கப் படைவீரர் இரண்டு கருவிகளைக் கழற்றி ஊருக்கு அனுப்பினார். ஒவ்வொரு கிழமையும் வானொலியில் நேரடியாகப் பாடிச் சலித்துப்போயிருந்த பிங் குரொஸ்பி என்ற பாடகர், 1947இல் தன் நிகழ்ச்சியை அந்த நாடாவில் பதியத் தொடங்கினார். ஸ்டூடியோ நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடும். ஆகவே ஒரு விநாடிப் பாட்டை ஸ்கேலால் அளக்கலாம். பிளேட்டால் சரிவாக வெட்டி, ஒட்டுநாடாவால் அடுத்த துண்டோடு சேர்த்தார்கள். 'வெட்டி ஒட்டுதல்' என்ற பேச்சு அப்போது சொல்லுக்குச் சொல் உண்மை.

1966இல் பீட்டில்ஸ் குழு 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்' பாட்டுக்கு 7ஆவது டேக்கின் தொடக்கத்தையும் 26ஆவது டேக்கின் மிச்சத்தையும் சேர்த்தது. இரண்டும் வெவ்வேறு வேகம், வெவ்வேறு சுருதி. நாடா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பொருத்தினார்கள்.

பாட்டு என்றால் பொழுதுபோக்கு, அதில் எதுவும் செய்யலாம் என்று யாராவது சொல்லக்கூடும். கெய்ரோவில் நடந்ததைக் கேளுங்கள். குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிந்து வெளியிட வேண்டும் என்று லபீப் அஸ்ஸயீத் 1959இல் முன்மொழிந்தார். ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ ஓதிய முதல் முழுப் பதிவு 1961இல் வெளிவந்தது. ஓதல் பாட்டல்ல, அதன் கண்ணியம் வேறு. ஆனால் பதியும் வேலை ஒன்றுதான். கிராஅத் அறிந்த ஆலிம்கள் கூடியிருந்து கேட்டு, திருப்தி இல்லாத இடத்தை மறுபடி ஓதவைத்துத்தான் அது முழுமை பெற்றது. உலகின் மிகத் தேர்ந்த காரி ஒருவரே திரும்பத் திரும்ப ஓதினார். அதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. பிழையை விட்டுவைக்காததை அமானிதம் என்றே எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள்.

இனி எங்கள் தமிழுக்கு வருவோம். சினிமாப் பாட்டுகள் நீண்டகாலம் ஒரே நேரத்தில்தான் பதியப்பட்டன. வயலின்காரர், தபேலாக்காரர், கோரஸ், பாடகர் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். கடைசி அடியில் ஒருவர் தவறவிட்டால் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். பல தடங்களில் தனித்தனியாகப் பதியும் கருவிகள் வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது.

சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் தன் வீட்டோடு 'பஞ்சதன் ரெக்கோர்ட் இன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. அவர் பாடகரைத் தனியாக நிறுத்தி, பெரும்பாலும் இரவு நேரத்தில், ஒரே வரியைப் பல மாதிரிப் பாடச் சொல்வார். மனதுக்கு வந்தபடி இழுத்தும் குழைத்தும் பாடச் சொல்லி எல்லாவற்றையும் பதிந்துவைப்பார். பிறகு இருந்து கேட்டு, எது எங்கே பொருந்தும் என்று தெரிவார். கசெட் வெளிவந்த பிறகுதான் முழுப் பாட்டு எப்படி வந்திருக்கிறது என்பதே தமக்குத் தெரிந்தது என்று பாடகர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் 30 வருடமாக விரும்பிக் கேட்கும் பாட்டுகள் பல இப்படிச் சேர்த்தவைதான்.

வீட்டில் ஸ்டூடியோ கட்ட அன்று பெரும் பணம் வேண்டும். 2007இல் அப்பிளின் 'லொஜிக்' மென்பொருள், டேக்குகளை அடுக்கி வைத்து மவுஸால் இழுத்துத் தெரியும் வசதியைத் தந்தது. மற்ற மென்பொருள்களும் பின்னாலே வந்தன. இன்று எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் பழைய லப்டொப்பில் அதையே செய்கிறார்.

இவ்வளவும் சொல்லி நான் என்னை நியாயப்படுத்திக்கொண்டால் அது முழு உண்மை ஆகாது. அந்தப் பெரியவரின் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. அதை எனக்குக் காட்டித் தந்தது பாடிய பிள்ளையே.

பதிவை முடித்து முதலில் அவனுக்குத்தான் போட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டவன் ஓரிடத்தில் முகம் மாறினான். "சேர், அந்த வரி என்ர குரல் இல்லை" என்றான். உண்மைதான். மூன்றாவது அடியின் ஒரு வரி ஐந்து டேக்கிலும் சரியாக வரவில்லை. இன்னொரு மாணவனின் குரல் கிட்டத்தட்ட அதேபோல இருந்தது; அவன் பாடியதை எடுத்து நடுவில் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தன் குரல் அவனுக்குத் தெரியாதா? "மேடையில நான் பாடேக்க அது வராதே சேர்" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. பாட்டை அழகாக்கப் போய், நீ போதாது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரமே அந்த வரியை எடுத்துவிட்டு, அவனை ஆறாவது தரம் அந்த வரியை மட்டும் பாட வைத்தேன். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது. நீங்கள் கேட்டது அதைத்தான். பிறகு ஐந்து டேக்கையும் அவனுக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று விளக்கினேன். "எல்லாம் நீ பாடினதுதான். ஒரே தரத்தில பாடேல்ல, அவ்வளவுதான்" என்றேன். மேடையில் இரண்டு இடத்தில் தடுமாறினான். ஆனால் பயமில்லாமல் பாடி முடித்தான், மாஷா அல்லாஹ்.

எங்கள் மார்க்க அறிவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு பற்றிய நீண்ட ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அதை அறிவிக்கும் இமாம் இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ, உர்வா, ஸயீத் இப்னுல் முஸய்யப், அல்கமா, உபைதுல்லாஹ் ஆகிய நால்வரிடம் கேட்டதை ஒரே தொடராகச் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொருவரும் ஒரு பகுதியைச் சொன்னார்கள், ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதை மெய்ப்பிக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நால்வரின் பெயரையும் சொன்னார். சேர்த்ததை மறைக்கவில்லை. ஆனால் தான் கேட்காத ஒருவரிடம் கேட்டதுபோலக் காட்டினால் அதை 'தத்லீஸ்' என்று ஹதீஸ் கலை கண்டிக்கிறது. சேர்ப்பது வேறு, மறைப்பது வேறு.

இதை நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 பற்றி எங்கள் மூத்தவர்களின் வாக்குமூலங்களை இந்த வருடம் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு மணித்தியாலத்தில் எங்களை வெளியேறச் சொன்ன அந்த நாளை ஒருவர் மூன்று தரம் சொன்னால் மூன்று மாதிரிச் சொல்வார். ஒருதரம் கதவைப் பூட்டியதாக, இன்னொருதரம் பூட்ட மறந்ததாக. ஒரு இடத்தில் பேச்சு நின்றுவிடும், அழுவார். மூன்றில் நல்லதைத் தெரிந்து ஒரே கதையாக ஒட்ட எனக்கு இப்போது தெரியும். ஆனால் அதைச் செய்ய மாட்டேன். பாட்டில் தடுமாற்றம் பிழை. சாட்சியில் தடுமாற்றமும் சாட்சியின் ஒரு பகுதி. ஒவ்வொரு பதிவும் முழுதாக, எடுத்த திகதியோடு அப்படியே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

என்னை நிறுத்திக் கேட்ட அந்தப் பெரியவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். அவரிடம் என் பதில் இதுதான்: பாட்டு ஒட்டியது, ஆனால் எல்லாம் அந்தப் பிள்ளையின் குரல். அதைக் கேட்டவர்களுக்கும் இப்போது சொல்லிவிட்டேன். அவரும் வந்து மைக்குக்கு முன்னால் இருந்தால் சந்தோசப்படுவேன். அவருடைய பேச்சில் ஒரு இருமலைக்கூட வெட்ட மாட்டேன்.

வஸ்ஸலாம்.