பயிற்சி வகுப்பும் திரைச்சீலையும்

2018 மே 29 அன்று மதியத்துக்கு மேல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 8,000க்கும் அதிகமான தன் காபிக் கடைகளில் வியாபாரத்தை நிறுத்திக் கதவை அடைத்தது. ஏறத்தாழ 1,75,000 ஊழியர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து படம் பார்த்தார்கள், கையேடு படித்தார்கள், பேசினார்கள். தம்மை அறியாமல் தமக்குள் ஊறிக்கிடக்கும் இனப் பாரபட்சத்தைக் கண்டுகொள்வது எப்படி என்பதுதான் பாடம். அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, பிலடெல்பியா கடை ஒன்றில் தொழில் பேச்சுக்காக ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருந்த கறுப்பினத்தவர் இருவர் எதுவும் வாங்கவில்லை என்று மேலாளர் போலீஸைக் கூப்பிட்டார். கைவிலங்கோடு அவர்களை அழைத்துப்போன காணொளி உலகம் சுற்றியது. அதன் விளைவுதான் இந்த வகுப்பு.

அமெரிக்காவின் சிம்பொனி இசைக்குழுக்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு வழியைப் பிடித்திருந்தன. வேலை கேட்டு வருபவர் திரைக்குப் பின்னால் இருந்து வாசிப்பார். நடுவர்களுக்கு அவருடைய எண் மட்டும் தெரியும். செருப்புச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள். பாஸ்டன் 1952இலேயே தொடங்கியது. பெரும்பாலான குழுக்கள் 1970களிலும் 80களிலும் வந்து சேர்ந்தன. நம் பல்கலைக்கழகங்கள் பதிவெண்ணை மறைத்து, டம்மி நம்பர் போட்டு விடைத்தாளைத் திருத்த அனுப்புகின்றனவே, அதே யோசனைதான்.

வகுப்பு மனிதரைத் திருத்தப் பார்க்கிறது. திரைக்கு அந்த ஆசையே கிடையாது. நடுவர் எப்படிப்பட்டவராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய பாரபட்சத்துக்குத் தீனியாகும் தகவல் அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்கிறது. எனக்குத் திரையின் மீதுதான் நம்பிக்கை அதிகம். மனதைத் திருத்தும் வேலையை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்பது நிர்வாகிகளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய எண்ணம்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்கின்றன. அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை அலசிய சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா காலெவ் இருவரும், கட்டாயப் பயிற்சி வைத்த நிறுவனங்களில் ஐந்தாண்டு கழித்தும் மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு உயரவில்லை என்று கண்டார்கள். திரை வந்த காலத்திலோ, அந்நாட்டின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் பெண்களின் பங்கு 1970இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது, 1990களில் கால் பங்கை எட்டியது. இதில் திரைக்கு எவ்வளவு பங்கு என்று பொருளியலாளர்கள் கிளாடியா கோல்டினும் செசிலியா ரௌஸும் 2000இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கின் உறுதி குறித்துப் பின்னால் சர்ச்சை எழுந்தது வேறு கதை.

ஆனால் நிறம் என்று வரும்போது திரையின் பெருமை சுருங்கிவிடுகிறது. 1969இல் ஆர்ட் டேவிஸ் என்ற டபுள் பாஸ் கலைஞரும் ஏர்ல் மேடிசன் என்ற செல்லோ கலைஞரும், கறுப்பினத்தவர் என்பதால் தங்களுக்கு வேலை மறுக்கப்பட்டது என்று நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது நகரின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். டேவிஸ் சாதாரண ஆள் இல்லை, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்தவர். அப்போது அந்தக் குழுவில் இருந்த ஒரே கறுப்பினத்தவர் வயலின் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலன். நிரந்தர வேலைக்கான தேர்வில் பாகுபாடு நடந்ததாகச் சொல்ல முடியாது என்று 1970இல் ஆணையம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒருவர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வாசிக்க ஆள் எடுப்பதில் பாகுபாடு இருக்கிறது என்றது.

இந்த இரண்டாம் பாதியை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். மாற்று ஆளுக்கு அன்று தேர்வு கிடையாது. உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவார். அல்லது தன் மாணவரை. அந்த அழைப்பில்தான் அனுபவமும் அறிமுகமும் வருமானமும் கிடைத்தன. அதன் முன்னால் எந்தத் திரையும் தொங்கவில்லை. நிரந்தர வேலைக்குத் திரை வந்த பிறகும், 2020இல் அதே குழுவின் 106 முழுநேரக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்தான்: கிளாரினெட் கலைஞர் அந்தோனி மெக்கில். 1969இலும் ஒருவர்!

அதே 2020இல் இசை விமர்சகர் அந்தோனி டொம்மாசினி, திரையை எடுத்துவிடலாம் என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். யார் வாசிக்கிறார் என்று தெரிந்தால்தானே பன்மையைக் கருதித் தேர்ந்தெடுக்க முடியும் என்பது அவர் வாதம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கதவில் பழுதில்லை, அதுவரை வருகிற பாதைதான் அடைபட்டிருக்கிறது.

ஸ்டார்பக்ஸுக்குத் திரும்பினால் அங்கும் உருப்படியான மாற்றம் வகுப்புக்கு வெளியே நடந்தது. வகுப்புக்குப் பத்து நாள் முன்பு நிறுவனம் விதியையே மாற்றியது: எதுவும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். யாரை இருக்க விடுவது என்று ஆள் பார்த்து முடிவெடுக்கும் வேலை மேலாளருக்கு இல்லாமல் போயிற்று. திரை செய்வதும் இதைத்தான். ஆனால் பேச்சில் நின்றது வகுப்பு மட்டும். குறையை ஆளிடம் தேடும் பழக்கத்துக்கு விலையும் உண்டு: பிலடெல்பியா சம்பவத்துக்குப் பின் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வெள்ளையின வட்டார மேலாளர் ஒருவர், தன் நிறமே காரணம் என்று வழக்குத் தொடுத்தார், 2023இல் ஜூரி அவருக்கு 2.56 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் நிறுவனம் அந்த விதியையும் திரும்பப் பெற்றது. வாங்காதவரை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் மறுபடியும் கடைக்காரர் கையில்.

இசைக்குழுக்கள் பக்கம் 2018இல் ஒரு காரியம் நடந்தது. கறுப்பின, லத்தீன் இளைஞர்களுக்காக 1997இல் தொடங்கிய ஸ்ஃபிங்க்ஸ் அமைப்பு, நியூ வேர்ல்ட் சிம்பொனி என்ற பயிற்சி இசைக்குழு, அமெரிக்க இசைக்குழுக்களின் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து, தேர்வுக்குப் போகும் இக்கலைஞர்களுக்குப் பயிற்சியும் பணமும் தரத் தொடங்கின. பணம் எதற்கு என்றால், டபுள் பாஸ் ஆளுயரத்தை மிஞ்சியது. விமானத்தில் அதைக் கொண்டுபோகும் செலவே பெரிது. ஊர் ஊராகப் போய் வாசித்துத் தோற்று மறுபடி வாசிக்க வசதி உள்ளவர்தான் கடைசியில் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.