16 நானோலிட்டருக்குள் ஒரு பாக்டீரியா பண்ணை

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் படிக்கப் போற மாணவர்கள் பலர், இது கம்ப்யூட்டர் சிப் செய்யற இடத்துல பிறந்த துறைன்னு நினைக்கிறாங்க. பாதிதான் உண்மை. உயிரியல் பக்கமிருந்து பார்த்தா கதை 1950-ல, ஒரு கண்ணாடிக் குடுவையில ஆரம்பிக்குது.

அந்த வருஷம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரன் நோவிக், லியோ சிலார்டு இருவரும் கீமோஸ்டாட் என்ற கருவியை அறிவித்தார்கள். ஆமா, அணுக்கருத் தொடர்வினையை யோசித்த அதே சிலார்டுதான். பாரிஸில் ழாக் மோனோவும் அதே ஆண்டு, தனியாக, அதே யோசனையை வெளியிட்டார். ஒரு பக்கம் ஊட்டக் கரைசல் சொட்டிக்கிட்டே இருக்கும்; அதே அளவு மறுபக்கம் வழிஞ்சு போகும். பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை மட்டும் மாறாது. சிகாகோக்காரர்கள் இதை வைத்து அளந்தது, பாக்டீரியாவில் மியூட்டேஷன் எவ்வளவு வேகமா வருதுன்னு.

55 வருஷம் கழிச்சு அதே மியூட்டேஷன் தலைவலியாச்சு. கூட்டம் அதிகமானா தன்னைத்தானே கொன்றுகொள்ளும்படி மரபணுச் சுற்று பொருத்திய ஈ.கோலை பாக்டீரியாவை ஸ்டீஃபன் க்வேக் குழு கவனிக்க விரும்பியது. ஆனா அந்தச் சுற்றைத் தொலைத்த ஒரே ஒரு செல் பிறந்தாப் போதும், அதன் வாரிசுகள் குடுவையையே பிடிச்சுக்கும். சாதாரணக் குடுவையில் சுமார் 100 கோடி செல்கள். அதில் ஒன்று தப்பாமல் இருக்குமா? சில நூறிலிருந்து சில ஆயிரம் செல்களோடு நிறுத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அதற்குப் பாத்திரம் சுருங்கணும்.

செய்முறை கையில் இருந்தது. 1998-ல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு, பிடிஎம்எஸ் என்ற சிலிகான் ரப்பரில் நுண்கால்வாய்களை விரைவாக வார்க்கும் முறையை வெளியிட்டது. அச்சு வெல்லம் மாதிரிதான்: ஊத்தி, சூடாக்கி, உரிச்சு எடுக்கணும். 2000-ல் க்வேக் குழு அதே ரப்பரில் வால்வு செய்தது. மேல் கால்வாயில் காற்றழுத்தம் கொடுத்தால், கீழ்க் கால்வாய் நசுங்கி மூடிக்கொள்ளும்.

ஆனா சுருக்கினா சுவர் ஜெயிக்கும். 10 செ.மீ. கனசதுரத்தை 0.1 மி.மீ.-க்குக் குறைத்தால், கொள்ளளவோடு ஒப்பிட்ட சுவர்ப் பரப்பு 1,000 மடங்காகும். பாக்டீரியாவோ சுவரில் ஒட்டிப் படலம் கட்டும். குடுவையில் இது தொந்தரவு, சிப்பில் சோதனையே காலி.

2005-ல் ஃபிரெடரிக் பலகாடே முதலாசிரியராக வெளியிட்ட தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 11.5 மி.மீ. சுற்றளவுள்ள ஒரு வளையம், கொள்ளளவு 16 நானோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் 50 மைக்ரோலிட்டர்னா, அதுல மூவாயிரத்தில் ஒரு பங்கு. வளையத்தை வால்வுகளால் 16 துண்டாகப் பிரித்தார்கள். முறை வைத்து ஒரு துண்டை மூடி, செல்லை உடைக்கும் திரவத்தால் கழுவி, புது ஊட்டக் கரைசல் நிரப்பித் திறப்பார்கள். சுவரும் சுத்தமாச்சு, பழசு போய்ப் புதுசும் வந்தாச்சு. நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஃபிரான்சஸ் ஆர்னால்டும் ஒருவர். 2018-ல் வேறொரு பணிக்காக நோபல் வாங்கினார்.

உயிர்வழி உற்பத்தித் துறைக்குப் போறவங்க ஒன்றைக் கவனிக்கணும். இந்த ரப்பர் வழியா ஆக்சிஜன் தானாகவே உள்ளே வரும். தொழிற்சாலையின் எஃகுத் தொட்டியில் காற்றைக் குமிழ் குமிழா ஊதி, கலக்கிக்கிட்டே இருக்கணும். சிப்பில் செழித்த செல் தொட்டியில் மூச்சுத் திணறலாம்.