ஆவடித் தீர்மானமும் 20,000 ரூபாயும்: பொருளாதார அளவையியல் ஓர் அறிமுகம்

சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டிச் சில நிலையங்கள் போனால் ஆவடி. டாங்கித் தொழிற்சாலைக்குப் பெயர்போன இந்த ஊர், இந்தியப் பொருளாதார வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பிடித்திருப்பது வேறொரு காரணத்துக்காக. 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் 60வது மாநாடு இங்கேதான் நடந்தது. தலைமை யு.என்.தேபர். அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். நாட்டின் திட்டமிடல் சோசலிச பாணிச் சமுதாயத்தை நோக்கி இருக்க வேண்டும், முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான் இது.

தெரியாத பகுதி அடுத்து வருவது. தீர்மானம் என்பது வார்த்தைகள். எத்தனை தொழிற்சாலை, எவ்வளவு பணம், எத்தனை பேருக்கு வேலை என்ற கேள்விகளுக்கு வார்த்தைகளால் பதில் சொல்ல முடியாது, எண் வேண்டும். அந்த எண்களைத் தயாரிக்கும் வேலை கல்கத்தாவில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931ல் தொடங்கிய பி.சி.மகலனோபிஸ், 1954 நவம்பரிலேயே நேருவை அழைத்துத் திட்டமிடல் ஆய்வுகளைத் தொடங்கி வைத்திருந்தார். ஆவடி மாநாடு முடிந்து இரண்டு மாதங்களில், 1955 மார்ச்சில், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவுச் சட்டகத்தை அவர் கொடுத்துவிட்டார். அவர் பொருளாதாரம் படித்தவர் அல்ல, இயற்பியல் மாணவர்!

மகலனோபிஸ் செய்தது இதுதான். நாட்டின் பொருளாதாரத்தை நான்கு துறைகளாகப் பிரித்தார். ஒன்று, இயந்திரம், உருக்கு போன்ற முதலீட்டுப் பொருட்கள். இரண்டு, ஆலைகளில் தயாராகும் நுகர்பொருட்கள். மூன்று, விவசாயமும் குடிசைத் தொழிலும் சேர்ந்த சிறு உற்பத்தி. நான்கு, சேவைகள். ஒவ்வொரு துறைக்கும் இரண்டே எண்கள். ஒரு ரூபாய் முதலீடு போட்டால் எவ்வளவு வருமானம் வரும் என்பது முதல் எண். ஒருவருக்கு வேலை கொடுக்க எவ்வளவு முதலீடு தேவை என்பது இரண்டாவது.

முதலீட்டுப் பொருட்கள் துறையில் ஒரு ரூபாய்க்கு வருமானம் 20 காசு, ஒரு வேலைக்கு முதலீடு 20,000 ரூபாய். ஆலை நுகர்பொருட்களில் 35 காசு, 8,750 ரூபாய். சிறு உற்பத்தியில் 1 ரூபாய் 25 காசு, 2,500 ரூபாய். சேவைகளில் 45 காசு, 3,750 ரூபாய். (அப்போது அணா கணக்கு, புதிய காசு 1957ல்தான் வந்தது. இங்கே எளிமைக்காகக் காசில் சொல்லப்படுகிறது.)

ஐந்து ஆண்டுகளுக்கு மொத்த முதலீடு 5,600 கோடி. தேசிய வருமானம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர வேண்டும். 1 கோடியே 10 லட்சம் புதிய வேலைகள் வேண்டும். முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் துறைக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, மீதியைச் சமன்பாடுகளால் பிரித்தார். விடை: 1,850 கோடி, 980 கோடி, 1,180 கோடி, 1,600 கோடி. தோராயமாக்கியதால் கூட்டினால் 10 கோடி அதிகம் வரும். ஒரு கால்குலேட்டர் இருந்தால் வேலை எண்ணிக்கையையும் சரிபார்த்துவிடலாம். 1,850 கோடியை 20,000ஆல் வகுத்தால் 9 லட்சத்துச் சொச்சம் வேலைகள். 1,180 கோடியை 2,500ஆல் வகுத்தால் 47 லட்சம். நான்கையும் கூட்டினால் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வரும்.

இதில் ஒரு விஷயம் கண்ணில் படும். இயந்திரத் தொழிலில் ஒரு கோடி போட்டால் 500 பேருக்கு வேலை, அதே கோடியைச் சிறு உற்பத்தியில் போட்டால் 4,000 பேருக்கு. பிறகு ஏன் கனரகத் தொழிலுக்கு அவ்வளவு பணம்? இயந்திரம் செய்யும் இயந்திரம் இன்று இருந்தால்தான் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து முதலீடு பெருகும் என்பது மகலனோபிஸின் வாதம். 1953லேயே இரு துறை மாதிரி ஒன்றை எழுதி இதை அவர் காட்டியிருந்தார். இந்தத் திட்டமிடல் காலத்தின் அடையாளங்களை மேற்குச் சென்னையில் இன்றும் பார்க்கலாம். 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1965ல் ஆவடியில் விஜயந்தா டாங்கி உருவாகி வெளியே வந்தது.

சரி, அந்த 20,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? பொருளாதார அளவையியல் என்ற பாடம் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான்.

முதலீடு கூடினால் வேலை கூடும் என்று பொருளாதாரக் கோட்பாடு சொல்லும். அதைச் சமன்பாடாக எழுதுவது கணிதம். அந்தச் சமன்பாட்டில் வரும் கெழுவின் மதிப்பு 20,000மா, 12,000மா, 30,000மா என்று உண்மையான தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் சொல்வது புள்ளியியல். மூன்றும் சேர்ந்ததே பொருளாதார அளவையியல். இயற்பியல் சமன்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் கடைசியாக ஒரு பிழை உறுப்பு இருக்கும். மழை, வேலைநிறுத்தம், மின்வெட்டு, முதலாளியின் திறமை என்று சமன்பாட்டில் எழுத முடியாத அத்தனையும் அதற்குள் அடங்கும். பாடம் முழுவதுமே இந்தப் பிழை உறுப்போடு நடக்கும் மல்லுக்கட்டு என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பெயரை 1926ல் பரப்பியவர் நார்வே நாட்டு ராக்னர் ஃபிரிஷ். 1930 டிசம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் எகனாமெட்ரிக் சொசைட்டி தொடங்கியது, 1933ல் அதன் இதழான எகனாமெட்ரிகா வந்தது. பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசு 1969ல் ஃபிரிஷுக்கும் டச்சுக்காரரான யான் டின்பெர்கனுக்கும் போனது. 1954-55ல் கல்கத்தா நிறுவனத்துக்கு வந்து தங்கிய வெளிநாட்டு அறிஞர்களில் ஃபிரிஷும் ஒருவர்.

ஆனால் அவரே வந்தாலும் தரவு இல்லாமல் என்ன செய்ய முடியும்? மகலனோபிஸ் தலைமையிலான தேசிய வருமானக் குழு 1949ல்தான் அமைந்தது, இறுதி அறிக்கை 1954ல்தான் வந்தது. தேசிய மாதிரி ஆய்வின் முதல் சுற்று நடந்தது 1950-51ல். சுதந்திர இந்தியாவைப் பற்றி ஒழுங்காகக் கிடைத்தது சில ஆண்டு எண்கள் மட்டுமே. ஆகவே அந்த 20,000 ரூபாய், கைக்குக் கிடைத்த சொற்பத் தகவல்களிலிருந்து எடுத்த தோராயமான கணிப்பு. அதன் மேல் 5,600 கோடி ரூபாய்க் கணக்கு நின்றது.

நல்ல தரவு கிடைத்திருந்தால் அந்த எண்ணை எப்படி மதிப்பிட்டிருக்கலாம்? பதில், எந்த வகைத் தரவு என்பதைப் பொறுத்தது.

முதல் வகை குறுக்குவெட்டுத் தரவு. ஒரே ஆண்டில் பல அலகுகளை எடுத்துக்கொள்வது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 200 தொழிற்சாலைகளுக்குப் போய், இந்த ஆண்டு உங்கள் இயந்திரங்களின் மதிப்பு என்ன, ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். 200 புள்ளிகள் கிடைக்கும், அவற்றின் நடுவே ஒரு கோடு வரையலாம். சுலபம். ஆனால் அதிக முதலீடு வைத்திருப்பவர் பெரிய வாடிக்கையாளர் உள்ளவராகவும் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆட்கள் அதிகமாக இருப்பது முதலீட்டாலா, கெட்டிக்காரத்தனத்தாலா? ஒரே ஆண்டின் தரவு இதைப் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது காலத்தொடர் தரவு. ஒரே அலகு, பல ஆண்டுகள். இந்தியாவின் மொத்த முதலீடும் மொத்த வேலையும் 30 ஆண்டுகளுக்கு. இதில் ஆபத்து வேறு மாதிரி. காலப்போக்கில் சேர்ந்தே ஏறும் அல்லது சேர்ந்தே இறங்கும் எந்த இரண்டு எண்களும் உறவினர்கள் போலத் தெரியும். இங்கிலாந்தின் புள்ளியியலாளர் யூல் 1926ல் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் கொடுத்தார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் நாட்டின் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவுக் கெழு 0.95! கோயிலில் கல்யாணம் செய்வதை நிறுத்தினால் சாவு குறையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் அந்தக் காலத்தில் சேர்ந்து இறங்கின, அவ்வளவுதான்.

மூன்றாவது குழுத் தரவு, பேனல் என்றும் சொல்வார்கள். அதே 200 தொழிற்சாலைகளை ஆண்டுதோறும் தொடர்வது. இப்போது ஒரு தொழிற்சாலையை அதன் பழைய நிலையோடு ஒப்பிடலாம். முதலாளியின் கெட்டிக்காரத்தனம் இரண்டு ஆண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அது கழிந்துபோகும். ஆனால் செலவும் பொறுமையும் அதிகம் பிடிக்கும். பாதியில் மூடிய தொழிற்சாலைகள் பட்டியலில் இருந்து விழுந்துவிடும், பிழைத்தவை மட்டுமே கணக்கில் நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு 200 தொழிற்சாலைகளைப் பார்த்துச் சேர்த்தால் அது பேனல் ஆகாது, தொகுத்த தரவு மட்டுமே. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொழிற்சாலைகளுக்கான ஆண்டு ஆய்வு இந்தியாவில் 1959ல் தொடங்கியது, அதாவது வரைவுச் சட்டகம் வந்து நான்கு ஆண்டு கழித்து! அதிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த எல்லை இருந்தது. மின்சாரம் பயன்படுத்தினால் 10 தொழிலாளர், இல்லையென்றால் 20. இரண்டு லேத் போட்டு ஆறு பேர் வேலை பார்க்கும் பட்டறை அதில் வராது. அம்பத்தூர், பாடி, திருமுல்லைவாயல் பக்கம் நடப்பவர்களுக்கு அப்படிப்பட்ட பட்டறைகள் எத்தனை என்று தெரியும். அவற்றைப் பிடிக்க 1977ல் முதல் பொருளாதாரக் கணக்கெடுப்பும், அமைப்புசாராத் தொழில்கள் பற்றிய தனி ஆய்வுகளும் வர வேண்டியிருந்தது.

இரண்டாம் திட்டம் என்ன ஆயிற்று? இறுதித் திட்டத்தில் வருமான இலக்கு ஐந்தாண்டுக்கு 25 சதவீதம், கிடைத்தது சுமார் 20. அது மோசம் என்று சொல்ல முடியாது. வேலைதான் ஏமாற்றியது. திட்டக் குழுவின் மதிப்பீட்டில், திட்டத் தொடக்கத்தில் சுமார் 53 லட்சமாக இருந்த வேலையில்லாதோர் திட்ட முடிவில் சுமார் 90 லட்சம். குற்றம் முழுவதையும் ஓர் எண்ணின் மேல் சுமத்துவது சரியல்ல. 1957ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகியது. பி.ஆர்.ஷெனாய் 1955லேயே திட்டத்தின் அளவை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதியிருந்தார். வக்கீலும் பிரம்மானந்தாவும் தொழிலாளர் உண்ணும் உணவுக்கும் உடுத்தும் துணிக்கும் முதலிடம் கேட்டார்கள். அந்த விவாதத்தில் யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அன்று யாரிடமும் தரவு இல்லை.

பொறுமையாகத் தரவு சேர்த்த கதை ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களை ஆய்வு செய்ய அனுப்பினார். அது 1918ல் புத்தகமாக வந்தது. அதோடு நின்றிருந்தால் அது ஒரு பழைய குறுக்குவெட்டு. ஆனால் 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மாணவர்களை மறுபடி அனுப்பினார்கள். தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1980களிலும் 2008லும்கூட ஆய்வாளர்கள் போனார்கள். நிலம் யார் கையில் இருந்தது, கூலி எப்படி மாறியது என்று ஒரே ஊரை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பார்க்க முடிகிறது. குடும்பங்களை ஒன்றொன்றாகத் தொடராததால் முழுமையான பேனல் அல்ல, ஆனாலும் உலகத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் குறைவு.

அம்பத்தூருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்பத்தூர் நகராட்சியில் 4,66,205 பேர், ஆவடியில் 3,45,996 பேர். அதே 2011 அக்டோபரில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்து அதன் 7வது மண்டலமானது. மாவட்டக் கணக்கில் பார்த்தால் முதலில் செங்கல்பட்டு, 1997ல் திருவள்ளூர், 2018ல் சென்னை. ஆவடி 2019ல் தனி மாநகராட்சியானது. 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்போ தள்ளிப்போனது. திருவள்ளூர் மாவட்டத்தின் காலத்தொடரைக் கணினியில் போட்டு வரைபவர்களுக்கு 2018க்குப் பிறகு ஒரு சரிவு தெரியலாம். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, எல்லைக்கோடு மட்டும் நகர்ந்தது.