புலப்படாத துணை

ஒளியையும் விழுங்கும் கருந்துளையை நாம் எங்ஙனம் அறிகிறோம்? அதன் துணை விண்மீனைக் கொண்டும் அறியலாம்.

எக்ஸ் கதிர்களை நமது வளிமண்டலம் தடுத்துவிடும். ஆதலின் 1964-இல் அமெரிக்க ஆய்வாளர் ராக்கெட்டில் கருவிகளை அனுப்பி, அன்ன விண்மீன் தொகுதியில் ‘சிக்னஸ் எக்ஸ்-1’ என்னும் கதிர் ஊற்றைக் கண்டனர். 1970-இல் கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்ட ‘உகுரு’ செயற்கைக்கோள், அக்கதிர்கள் ஒரு நொடிக்குள்ளேயே ஏறி இறங்குவதைக் காட்டிற்று. இத்துணை விரைந்து மாறும் பொருள் மிகச் சிறியதாகவே இருத்தல் வேண்டும்.

அவ்விடத்து நீல விண்மீன், புலப்படாத ஒன்றுடன் 5.6 நாளுக்கொருமுறை சுற்றிவருவதை 1972-இல் வெப்ஸ்டரும் மர்டினும், தனித்துப் போல்ட்டனும் வெளியிட்டனர். அவ்வியக்கமே மறைபொருளின் நிறையை உணர்த்திற்று. 2021-இன் கணக்குப்படி அது சூரியனைப்போல் ஏறத்தாழ 21 மடங்கு.

அது கருந்துளையன்று என 1974-இல் பந்தயம் கட்டிய ஹாக்கிங், சான்றுகள் பெருகவே 1990-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.